நடுப்பகலில் இருட்டு, நடுச்சாமத்தில் சூரியன்!

மத்தியானம் 12 மணி. தெருவிளக்குகள் எரிகின்றன. வானத்தில் சூரியனைக் காணோம்!

மேகம் மறைத்துவிட்டதோ என்று நினைக்காதீர்கள். சூரியன் உதிக்கவே இல்லை. இன்று மட்டும் அல்ல, பல வாரங்களாக!

இந்த ஊரின் பெயர் டிரோம்சோ. ஐரோப்பாவின் வடகோடியில், நார்வே நாட்டில் இருக்கிறது. நவம்பர் மாதக் கடைசியில் மறையும் சூரியன், ஜனவரி நடுவில்தான் மறுபடியும் எட்டிப் பார்க்கும். அதுவரை உச்சிப் பொழுதில் மட்டும் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் தெரியும். அவ்வளவுதான்.

கோடையிலோ எல்லாம் தலைகீழ்! மே மாதக் கடைசி முதல் ஜூலை மூன்றாவது வாரம் வரை சூரியன் மறையாது. நடுச்சாமத்திலும் வெயில் அடிக்கும்.

பூமி சற்றுச் சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுகிறது. அதனால் குளிர்காலத்தில் வடதுருவப் பக்கம் சூரியனை விட்டு விலகி நிற்கிறது; கோடையில் சூரியனை நோக்கித் திரும்புகிறது. இந்த அதிசயத்துக்குக் காரணம் இதுதான்.

சூரியனுக்கு ஒரு நாள்

இருட்டு என்பதற்காக ஊர் தூங்கிவிடவில்லை. டிரோம்சோவில் 75 ஆயிரம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். அங்கே பல்கலைக்கழகம் இருக்கிறது. பனிப்பாறைகளை அடுக்கியது போன்ற ஒரு மாதா கோவில் இருக்கிறது. அது 1965-ம் ஆண்டில் கட்டப்பட்டது. கம்பியில் தொங்கும் ரெயிலில் ஏறி 421 மீட்டர் உயர மலைக்குப் போனால், ஊரும் கடலும் காலடியில் தெரியும்.

ஜனவரி 21-ந் தேதி அங்கே "சூரிய நாள்". நெடுநாள் காணாமற்போன சூரியனை வரவேற்கிறார்கள். அன்று பெரியவர்களும் குழந்தைகளும் "சூரிய ரொட்டி" என்ற இனிப்பு ரொட்டியைத் தின்று மகிழ்கிறார்கள்.

வானத்தில் பச்சைத் திரை

இந்தப் பகுதிக்கு ஆண்டுதோறும் ஏராளமான பேர் போகிறார்கள். பெரும்பாலோர் போவது ஒரே ஒரு காட்சிக்காக. அதுதான் துருவ ஒளி!

இரவு வானத்தில் பச்சை நிறத் திரை ஒன்று தொங்கும். காற்றில் ஆடும் சேலையைப் போல அது நெளியும், மடியும், விரியும். திடீரென்று மறைந்துவிடும். சூரியனிலிருந்து பறந்து வரும் மின் துகள்கள், பூமியின் காற்று மண்டலத்தில் மோதுகின்றன. சுமார் 100 கிலோ மீட்டர் உயரத்தில் அவை பிராணவாயுவில் மோதும்போது பச்சை ஒளி பிறக்கிறது. செப்டம்பர் முதல் மார்ச் வரை, வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் அதைக் காணலாம்.

சுவீடன் பக்கத்தில் யுக்காஸ்யார்வி என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே ஆற்றுப் பனிக்கட்டியை அறுத்து ஓட்டல் கட்டுகிறார்கள். சுவரும் பனிக்கட்டி, கட்டிலும் பனிக்கட்டி! வசந்தம் வந்தால் ஓட்டல் உருகி ஆற்றோடு போய்விடும். அடுத்த குளிர்காலத்தில் புதிதாகக் கட்டுவார்கள்.

நார்வேயில் ஆல்டா என்ற ஊரில், கடலோரப் பாறைகளில் ஆயிரக்கணக்கான உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. மான், கரடி, படகு, வேட்டைக்காரன். இவற்றில் பழமையானவை சுமார் 7 ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. 1985-ம் ஆண்டில் இந்த இடம் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று.

இவற்றை எல்லாம் பார்த்துவிட்டுப் பலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு செய்கிறார்கள். அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறவர்களை அவர்கள் பார்ப்பதே இல்லை.

சாமி மக்கள்

அவர்களுடைய பெயர் "சாமி". நாம் கும்பிடும் சாமி அல்ல. அந்த இனத்தின் பெயரே அதுதான். வெளியார் அவர்களை "லாப்பியர்" என்று அழைத்து வந்தார்கள். அதை அவர்கள் இழிசொல்லாகக் கருதுகிறார்கள்.

நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷியா ஆகிய நான்கு நாடுகளின் வடபகுதியில் அவர்கள் பரவி வாழ்கிறார்கள். மொத்தம் ஒரு லட்சம் பேர் இருந்தால் அதிகம். ரெயின்டீர் எனப்படும் பனிமான்களை மந்தை மந்தையாக வளர்ப்பது அவர்களுடைய பழந்தொழில்.

அவர்கள் ஊர்களில் ஒன்று காரஸ்யோக். 1886-ம் ஆண்டில் அங்கே குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 51.4 டிகிரிக்கு இறங்கியது! அந்தக் குளிரிலும் வாழக் கற்றவர்கள் சாமி மக்கள். ஆனால் மனிதர்கள் செய்த கொடுமை, குளிரைவிடப் பொல்லாததாக இருந்தது.

ஒரு மேளத்தின் கதை

1691-ம் ஆண்டு. ஆண்டர்ஸ் பவுல்சன் என்ற சாமி முதியவரிடம் ஒரு மேளம் இருந்தது. அதன் தோலில் தெய்வங்களின் உருவங்கள் வரையப்பட்டிருந்தன. அவர் அதைத் தட்டிக் குறி சொல்வார்.

"இது சூனியம்!" என்றார்கள் அதிகாரிகள். மேளத்தைப் பறித்தார்கள். மறு ஆண்டு அவரை விசாரணைக் கூண்டில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு உருவத்துக்கும் அவர் பொருள் சொன்னார். தீர்ப்பு வருமுன்பே, காவலில் இருந்தபோது ஒருவன் அவரைக் கொன்றுவிட்டான்.

மேளம் டென்மார்க்குக்குப் போய்ச் சேர்ந்தது. 1979-ம் ஆண்டில் அதைக் காரஸ்யோக் பொருட்காட்சி சாலைக்கு அனுப்பினார்கள். எப்படி? இரவலாக! தங்கள் பாட்டன் சொத்தைத் தாங்களே இரவல் வாங்கி வைத்திருந்தார்கள் சாமி மக்கள். 2022-ம் ஆண்டில்தான் அது அவர்களுக்கே சொந்தம் என்று ஆயிற்று. நடுவே ஓடிய காலம் 331 ஆண்டுகள்!

போனது மேளம் மட்டும் அல்ல. நார்வேயில் சாமி குழந்தைகளை விடுதிப் பள்ளிகளில் சேர்த்து, தாய்மொழி பேசக் கூடாது என்று தடுத்தார்கள். வீட்டில் பேசிய மொழி, பள்ளிக்கூடத்தில் குற்றம் ஆயிற்று. பலர் தங்கள் பிள்ளைகளுக்கு அந்த மொழியைச் சொல்லித் தரவே அஞ்சினார்கள்.

1997-ம் ஆண்டில் நார்வே மன்னர் ஐந்தாம் ஹரால்டு இதற்காக மன்னிப்புக் கேட்டார். 2024-ம் ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றமும் மன்னிப்புக் கேட்டது. இன்று காரஸ்யோக்கில் சாமி மக்களுக்கென்று தனிப் பிரதிநிதி சபை இருக்கிறது. சபை மண்டபம் அவர்களுடைய கூடாரத்தின் வடிவிலேயே கட்டப்பட்டிருக்கிறது.

உடையா, வேடமா?

சாமி மக்களின் உடை அழகானது. நீலத் துணியில் சிவப்பு, மஞ்சள் கரைகள் மின்னும். அது வெறும் அலங்காரம் அல்ல. உடுத்தியவர் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்பதை அந்த உடையே சொல்லிவிடும்.

ஆனால் என்ன நடந்தது? சாமி இனத்தைச் சேராதவர்கள் அதைப் போல ஒன்றைத் தைத்து மாட்டிக்கொண்டு, பயணிகளுக்கு வேடிக்கை காட்டினார்கள். இல்லாத சடங்குகளை இருப்பதாகக் காட்டிக் காசு பார்த்தார்கள். பின்லாந்து சாமி மக்களின் பிரதிநிதி சபை, 2018-ம் ஆண்டில் இதைக் கண்டித்துச் சுற்றுலாவுக்கு நெறிமுறைகள் வகுத்தது.

ஒருவனுடைய வாழ்க்கையை இன்னொருவன் வேடமாகப் போட்டு விற்பது நியாயமா? காசு கொடுத்துப் பார்க்கிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

உண்மையைப் பார்க்க விரும்புகிறவர்கள் பின்லாந்தில் இனாரி என்ற ஊருக்குப் போகலாம். அங்குள்ள "சீடா" பொருட்காட்சி சாலை சாமி மக்களுடையது. 2021-ம் ஆண்டில் தலைநகரிலிருந்து 2,200-க்கும் மேற்பட்ட பழம்பொருள்கள் அங்கே திரும்பி வந்தன.

பனிமானுக்கும் பசி

இப்போது இன்னொரு ஆபத்து வந்திருக்கிறது. வடதுருவப் பகுதி, உலகின் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடேறுகிறது.

"குளிர் குறைந்தால் நல்லதுதானே?" என்று கேட்கலாம். இல்லை! பனிமான் குளிர்காலத்தில் குளம்பால் பனியைத் தோண்டி, அடியில் உள்ள பாசியைத் தின்னும். இப்போது குளிர்காலத்திலும் மழை பெய்கிறது. அந்தத் தண்ணீர் உறைந்து, கண்ணாடி போலத் தரையை மூடிக்கொள்கிறது. மானால் அதை உடைக்க முடியாது. தீனி காலடியில் இருக்கும். மான் பட்டினி கிடக்கும்!

பயணி ஏறிப் போகும் விமானத்தின் புகையும் இந்தச் சூட்டுக்கு ஒரு காரணம். ஆகவே அடிக்கடி பறப்பதைவிட, ஒருமுறை போனாலும் பல நாள் தங்கிப் பார்ப்பது மேல்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

துருவ ஒளியைப் பாருங்கள். நடுச்சாமத்துச் சூரியனைப் பாருங்கள். சாமி மக்களே நடத்தும் கடையில் பொருள் வாங்குங்கள். அவர்களே நடத்தும் பயணத்தில் சேருங்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. மான் வளர்ப்பவரைக் கண்டால், "உங்களிடம் எத்தனை மான்கள்?" என்று கேட்டுவிடாதீர்கள். அது, "பாங்கியில் உங்கள் பணம் எவ்வளவு?" என்று கேட்பதற்குச் சமம்!

அதற்குப் பதிலாக, "இந்த ஆண்டு மான்களுக்குத் தீனி கிடைத்ததா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் நிறையப் பதில் இருக்கும்.