இழுத்துத் தைத்தால் வராது

"கொஞ்சம் இழுத்துத் தைச்சா வந்துடும் மேடம்." இந்த வாரம் இந்தப் பதிலைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. காசு கொடுத்து இறக்கிய பிரின்சஸ் கட் ஜாக்கெட் பேட்டர்னில் நடுத் துண்டைவிடப் பக்கத் துண்டு அரை அங்குலம் நீளம். ஏன் என்று கேட்டதற்கு விற்றவர்கள் சொன்ன பதில் இது. அளவு ஜாக்கெட் பற்றி எழுதியபோதே இந்த வாக்கியத்தின் மேல் எனக்குள்ள கோபத்தைக் கொட்டியிருந்தேன். படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இழுத்துத் தைத்த பருத்தித் துணி துவைத்ததும் தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், தையல் நெளியும். பழி மட்டும் தைத்துக் கொடுத்த அக்காவின் தலையில் விழும்.

வெட்டுக் கோட்டை அளந்துவிட்டு நான் சண்டைக்குப் போகவில்லை. ஒத்துப்போக வேண்டியது தையல் கோடு. தையலுக்கு விடும் துணி, வெளியே வளைந்த பக்கத் துண்டில் நீளத்தைக் கூட்டும். உள்ளே வளைந்த நடுத் துண்டில் குறைக்கும். இரண்டு வளைவும் 60 பாகை திரும்புவதாக வையுங்கள். 1 செ.மீ. விட்டால் ஒன்று சுமார் 1 செ.மீ. கூடும், மற்றது அவ்வளவே குறையும். தையல் கோட்டில் துல்லியமாகச் சமமான துண்டுகள்கூட விளிம்பில் 2 செ.மீ. வித்தியாசம் காட்டும். இது தெரியாமல் நல்ல பேட்டர்னைத் திட்டுபவர்களும் உண்டு. ஆனால் இந்தப் பேட்டர்னில் தையல் கோடே பொருந்தவில்லை. திரையில் அழகாகத் தெரியும்வரை வளைவை இழுத்துவிட்டு, அளக்காமல் விற்றிருக்கிறார்கள்.

அப்படி இழுத்து வரையும் வளைவு பிறந்தது பிரான்ஸின் கார் தொழிற்சாலைகளில். சித்ரோயனில் வேலை பார்த்த பால் டி காஸ்டெல்ஜோ 1959-ல் அதன் கணக்கைக் கண்டுபிடித்தார். நிறுவனம் அதை ரகசியமாகப் பூட்டி வைத்தது. 1960-களில் ரெனோவின் பியர் பெசியே தனியாக அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார். அவர் வெளியிட முடிந்ததால் வளைவு அவர் பெயரில் நிலைத்தது. 2022-ல் மறைந்த டி காஸ்டெல்ஜோவை வடிவியல் படித்தவர்கள் தவிர யார் நினைக்கிறார்கள்? எனக்கு அவர்தான் பெரியவர். அவருடைய வழியைப் பாருங்கள். நான்கு புள்ளிகளை வரிசையாகக் கோட்டால் இணை, கோடுகளின் நடுவைக் குறி, அந்த நடுப்புள்ளிகளை இணைத்து மறுபடி நடுவைக் குறி, இன்னொரு முறையும் அப்படியே செய். கடைசியாக மிஞ்சும் ஒற்றைப் புள்ளி வளைவின் மேலேயே உட்காரும், வளைவை இரண்டாகப் பிரிக்கும். ஒவ்வொரு பாதியையும் இப்படியே பிரித்துக்கொண்டே போனால் துண்டுகள் ஏறக்குறைய நேர்கோடாகிவிடும்.

நீளம் காண இதுதான் நமக்கு உதவுகிறது. இந்த வளைவின் நீளத்தை நேரடியாகச் சொல்லும் எளிய சூத்திரம் பொதுவாகக் கிடையாது. சின்னச் சின்னத் துண்டாக்கித்தான் கூட்ட வேண்டும். காகிதத்தில் நம் தையல்காரர்கள் செய்வதும் இதையேதான். ஒரு துண்டின் தையல் கோட்டை இன்னொன்றின் மேல் வைத்து, ஊசி குத்தி, லேசாகத் திருப்பி, அடுத்த ஊசி குத்தி, கோடு முடியும்வரை நடத்திக்கொண்டு போவார்கள்.

வேலன்டினா, சீம்லி2டி போன்ற இலவச மென்பொருள்களில் வரைந்த வளைவின் நீளத்தை எடுத்து அடுத்த துண்டின் சூத்திரத்தில் வைக்கலாம். ஃப்ரீசோயிங்கில் ஆர்ம்ஹோல் நீளத்தோடு வேண்டிய தளர்வும் சேர்ந்து வரும்வரை, கையின் மேல் வளைவை நிரலே திரும்பத் திரும்ப வரைந்து பார்க்கிறது. அந்தத் தளர்வு வேண்டுமென்றே விடுவது. தோள் உருண்டையில் கை உட்கார அது வேண்டும். எங்கே எவ்வளவு என்று வரைந்தவருக்குத் தெரிந்திருந்தால் சரி.

விற்றவர்களுக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். மொத்த நீளத்தைச் சமமாக்கி அனுப்பினால் போதாது. மார்புப் புள்ளிக்கு மேலே தனியாக, கீழே தனியாக அளக்க வேண்டும், இரண்டு துண்டிலும் அந்த இடத்தில் குறிவெட்டு வைக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் திருத்திய பேட்டர்னைக் காசு வாங்காமல் அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.