"காலிதான் சார்!" - அந்தப் பேச்சுதான் ஆபத்து

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமும் திருவள்ளூர் கடைத்தெருவிலும் பேங்க் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளியைப் பார்க்கிறோம். பலருக்கு அது சொந்த லைசென்ஸ் துப்பாக்கி. அதை எங்கே வைத்துத் துடைக்கிறார்?

"காலிதான் சார், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். 2024 அக்டோபர் 1-ந் தேதி மும்பையில் நடிகர் கோவிந்தாவின் காலில் பாய்ந்தது அவருடைய சொந்தத் துப்பாக்கிக் குண்டுதான்!

முதலில் குழலை மடக்கித் தோட்டாவை எடுங்கள், தூரமாக வையுங்கள். குழலுக்குள் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். பிறகுதான் கம்பி, துணி, எண்ணெய். ஆள் இருக்கும் பக்கம் குழல் திரும்பவே கூடாது.

துப்பாக்கி இருக்கிறது என்பதற்காகவே வேலை கொடுக்கும் முதலாளிகளே! அதைத் துடைக்க ஒரு தனி இடமும், கொஞ்சம் பயிற்சியும் கொடுங்கள். காவலாளிக்கும் பெண்டாட்டி, பிள்ளை உண்டு.