இன்னொரு 2019 வேண்டாம்

2019 நவம்பர் கடைசியில், கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியாகி இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், அவரது அமைச்சரவை இலங்கை வரலாறு காணாத வரிக்குறைப்பை அறிவித்தது. 15 சதவீதமாக இருந்த வற் வரி 8 சதவீதமானது. தேச நிர்மாண வரி அடியோடு நீக்கப்பட்டது. கம்பனிகளுக்கான பொது வரிவீதம் 28 இலிருந்து 24 சதவீதமாக இறங்கியது. மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் சம்பளம் பெற்றவர்கள் அதுவரை வருமான வரி கட்டினார்கள்; இனி இரண்டரை இலட்சம் வரை கட்டத் தேவையில்லை என்றானது. வருடம் 1 கோடியே 20 இலட்சம் ரூபாவுக்கு வியாபாரம் செய்தாலே வற் வரிக்குப் பதிய வேண்டும் என்ற எல்லை 30 கோடிக்கு உயர்ந்தது. பட்டாசு கொளுத்தி வரவேற்றவர்கள் இருந்தார்கள். மக்கள் கையில் காசு புழங்கும், வியாபாரம் பெருகும், வேலை வரும் என்றார்கள்.

அந்தக் காசு யார் கைக்குப் போனது என்று பார்ப்போம். அன்று பெருந்தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. மாதம் 25 நாள் தவறாமல் மலையேறிக் கொழுந்து பறித்தாலும் 17,500 ரூபாதான். வருமான வரி எல்லையின் பக்கத்தில்கூட நிற்காத குடும்பத்துக்கு அந்த எல்லையை உயர்த்தியதால் ஒரு சதமும் மிச்சமாகவில்லை. கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் தையல் இயந்திரத்தின் முன் இருந்த பெண்ணுக்கும் அதே கதைதான். வற் வரி குறைந்ததே என்று கேட்கலாம். ஏழைக் குடும்பத்தின் செலவில் பெரும்பங்கு அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் பாணுக்கும் காய்கறிக்கும் போகிறது. இவற்றுக்கு ஏற்கெனவே வற் வரி இல்லை. இல்லாத வரியைக் குறைத்து யாருக்கு என்ன பயன்?

வரி இருந்த பொருளிலும் குறைப்பு கடைவாசல் வரை வந்து சேர்வதில்லை. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனியின் கிலோ ஒன்றுக்கு அறவிட்ட 50 ரூபா விசேட வரியை அரசு 25 சதமாக்கியது. ஐம்பது ரூபா கால் ரூபாவாகிவிட்டது. அதற்கேற்பச் சில்லறைக் கடையில் சீனி விலை இறங்கியதா? தேநீரில் போடும் சீனியைக் கரண்டி எண்ணிப் போடும் வீடுகளைக் கேட்டால் பதில் தெரியும். களஞ்சியங்களை நிரப்பி வைத்திருந்த இறக்குமதியாளர்களுக்கு இலாபம் கொட்டியது. அரசுக்கு ஏறத்தாழ 16 பில்லியன் ரூபா நட்டம் என்று பாராளுமன்றத்தின் நிதிக் குழுவிலேயே பேசப்பட்டது.

2019 வரிக்குறைப்பு எச்சரிக்கை இல்லாமல் நடந்ததல்ல. முந்திய அரசின் நிதியமைச்சர் மங்கள சமரவீர, இந்த வாக்குறுதி தேர்தல் மேடையில் இருந்தபோதே, இதை நிறைவேற்றினால் நாடு வங்குரோத்தாகும் என்று எழுதினார். தோற்கப் போகிறவரின் புலம்பல் என்று அதை ஒதுக்கினார்கள். 2019 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்த அரச வருவாய், 2021 இல் 8 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. அந்த வருடம் அரசு ஈட்டிய ஒவ்வொரு 100 ரூபாவிலும் 70 ரூபாவுக்கு மேல் பழைய கடனின் வட்டிக்கே போனது. மருந்து, பாடசாலை, ஓய்வூதியம், சம்பளம் எல்லாவற்றுக்கும் மிச்சம் 30 ரூபாவுக்கும் குறைவு. வெளிநாட்டுச் சந்தை கடன் தர மறுத்ததும் மத்திய வங்கி பணம் அச்சிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாதென நாடு அறிவித்தது.

கொரோனாவும் ஒரே இரவில் வந்த இரசாயன உரத்தடையும் இந்த வீழ்ச்சியில் பங்கெடுத்தன என்பது உண்மை. ஆனால் கஜானாவின் அடிப்பலகை கழற்றப்பட்டது கொரோனா வருவதற்கு முன்பு. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், கோட்டாபய, அவரது சகோதரர்கள் மகிந்த, பசில் உள்ளிட்டோரைப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பாளிகளாகத் தீர்ப்பளித்தபோது இந்த வரிக்குறைப்பையும் கணக்கில் எடுத்தது.

பில் வந்தது. சலுகை போகாத முகவரிகளுக்கெல்லாம் அது தவறாமல் போனது. 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. பணம் உள்ளவர் தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். மலையகத்தின் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறிப் பேராதனைக்கு வருபவருக்கு வேறு வாசல் இல்லை. அதே மாதம் மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வெளியிணைப்பு இயந்திரப் படகுடன் கடலுக்குப் போகிறவருக்கு அதுதான் எரிபொருள்; லயன் அறைகளில் பலருக்கு அதுதான் அடுப்பும் விளக்கும். செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை நெருங்கியது. நாட்சம்பளம் பாதியானது என்று எந்த வர்த்தமானியும் வெளிவரவில்லை. நடந்தது அதுதான்.

பிறகு கஜானாவை நிரப்பும் வேலை வந்தது. எங்கிருந்து நிரப்பினார்கள் என்பதில்தான் இந்தப் பத்திரிகையின் கோபம் இருக்கிறது. 8 சதவீத வற் வரி 12 ஆனது, 15 ஆனது, 2024 ஜனவரி முதல் 18 ஆனது. குறைத்தபோது பெரிதாக எதுவும் பெறாத குடும்பம், கூட்டியபோது முழுதாகக் கட்டியது. ஏனென்றால் இம்முறை விலக்குகளும் சுருங்கின; சமையல் எரிவாயுவும் பெற்றோலும் டீசலும் வற் வரிக்குள் வந்தன. டீசலுக்கு வரி என்றால் பஸ் கட்டணத்துக்கும் லொறியில் வரும் மரக்கறிக்கும் வரி என்றுதான் பொருள்.

2023 நடுப்பகுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன என்று சொல்லி அவற்றின் திறைசேரி முறிகளை விட்டுவிட்டார்கள். தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதியத்துக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. குறைந்த வட்டி தரும் புதிய முறிகளை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் நிதியத்தின் வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீத வரி என்றார்கள். ஐம்பத்தைந்து வயதில் மகளின் திருமணத்துக்கோ வீட்டுக் கூரைக்கோ என்று ஒருவர் எண்ணி வைத்திருந்த பணத்தின் வளர்ச்சி இப்படி வெட்டுப்பட்டது. அதற்காகக் கொழும்பில் சில ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. பாராளுமன்றத்தில் தீர்மானம் ஒரு வார இறுதியில் நிறைவேறியது.

மீண்டும் உயர்த்தப்பட்ட வருமான வரிக்கு எதிராக வைத்தியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் 2023 இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் சிரமமும் உண்மையானது. விலைவாசி அவர்களையும் அடித்தது. 2025 ஏப்ரல் முதல் மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை என்று அரசு இறங்கி வந்தது. வற் வரி 18 இலேயே நிற்கிறது. சவர்க்காரமும் பாடசாலைச் சப்பாத்தும் பெண்களின் சுகாதார அணையாடையும் வாங்குபவர்களுக்குச் சங்கம் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. கட்டுவதே தெரியாமல் கட்டுகிறவர்களிடம் எடுப்பது எந்த அரசுக்கும் எளிது.

"வரி கட்டினால் களவெடுக்கிறார்கள், குறைத்தாலாவது என் காசு என்னிடம் இருக்கும்" என்ற குரல் நம் வாசகர்களிடமிருந்தும் வருகிறது. அந்தக் கோபத்தை மதிக்கிறோம். ஆனால் களவைத் தடுக்கக் கணக்காய்வும் வழக்கும் வேண்டும். கஜானாவை வெறுமையாக்கினால் களவெடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. அவர் வெளிநாட்டில் வைத்தியம் பார்ப்பார். அரசிடம் பணம் இல்லாத நாட்டில் ஏழைக்கு நடப்பதை 2022 காட்டியது. 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளைச் சரித்தபோது, நிவாரணம் போதுமா, நேரத்துக்கு வந்ததா என்று நாம் அரசிடம் சண்டைபிடிக்க முடிந்தது. அதற்கு மூன்றரை வருடம் முன்பு அதே புயல் வந்திருந்தால், சண்டைபிடிக்கவும் அரசிடம் ஒன்றும் இருந்திருக்காது.

2026 வரவு செலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,350 இலிருந்து 1,550 ஆக்கி, வருகைக்கான ஊக்கத்தொகையாக 200 ரூபாவை அரசே தரும் என்றது. வரவேற்கிறோம்; அந்தக் குடும்பங்களுக்கு அது இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த 200 ரூபா கம்பனியின் கணக்கிலிருந்து வரவில்லை, திறைசேரியிலிருந்து வருகிறது. திறைசேரிக்கோ அந்தத் தொழிலாளி வாங்கும் சவர்க்காரத்திலிருந்தும் வருகிறது. இடது கையில் எடுத்து வலது கையில் கொடுப்பதை உதவி என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே வரியே வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. வரியின் எடை இடம் மாற வேண்டும் என்கிறோம். சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் தொடங்கிய உடன்படிக்கையில், 2025 இற்குள் நாடு தழுவிய சொத்து வரியும், நன்கொடை, பரம்பரைச் சொத்து வரிகளும் வரும் என்று எழுதப்பட்டது. வற் வரி உயர்வு வந்துவிட்டது. சொத்து வரி அந்தக் கெடுவுக்குள் வரவில்லை. 2021 இல் வந்த கொழும்பு துறைமுக நகரச் சட்டம் 40 வருடம் வரை வரிவிலக்குக் கொடுக்க வழி வைத்தது. பிறக்காத பேரப்பிள்ளைகளின் பாடசாலைப் பணத்தையும் சேர்த்து விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அது. எத்தனை வேலை வந்தது, எத்தனை ரூபா போனது என்று ஒவ்வொரு விலக்குக்கும் பாராளுமன்றத்தில் கணக்குச் சொல்லாமல் புதிதாக ஒன்றுகூட வழங்கக் கூடாது.

அப்படி வரும் பணத்தின் முதல் உரிமை பிள்ளைகளின் பாடசாலைப் பொருள்களையும் சுகாதார அணையாடையையும் வற் வரியிலிருந்து விடுவிப்பதற்கு. அடுத்தது மருந்துக் களஞ்சியத்துக்கும், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்துக்கும் கீழே கிடக்கும் கல்விச் செலவுக்கும். மலையகப் பிரதிநிதிகள் ஒவ்வொரு பாதீட்டு விவாதத்திலும் நாட்சம்பளத்துக்காக எழுந்து நிற்கிறார்கள். அடுத்த முறை, நிதி அமைச்சையும் கையில் வைத்திருக்கும் ஜனாதிபதியிடம் இதையும் கேட்கட்டும்: சொத்து வரிச் சட்டமூலம் எந்தத் திகதியில் சபைக்கு வரும்?