சரித்திரகாரனின் செஞ்சோற்றுக் கடன்

அரசாங்கத்தின் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு சரித்திரம் எழுத அமர்ந்த ஒருவன், அந்த அரசாங்கத்தின் தலைவரே தவறிழைத்தார் என்று எழுதலாமா? எழுதினால் அது உண்ட வீட்டுக்கு இரண்டகம் ஆகாதா? கர்ணன் கதையைக் கேட்டு வளர்ந்த நம்மவருட் பலர், இக்கேள்விக்குச் சற்றுத் தயங்கியே விடை சொல்வர். செஞ்சோற்றுக் கடனை நாம் அத்துணை பெரிதாக மதிப்பவர்கள். ஆனால் அக்கடன் யாருக்குரியது என்பதை அவ்வளவாக ஆராய்ந்ததில்லை. அதனை ஆராய விரும்புவோருக்கு, பிரித்தானியக் கடற்படையிற் பீரங்கி அதிகாரியாக இருந்து பின்னர் சரித்திராசிரியரான கப்டன் ஸ்ரீபன் றொஸ்கிலின் வாழ்க்கை நல்லதோர் உதாரணமாகும்.

1903ஆம் ஆண்டிற் பிறந்த றொஸ்கில், சட்டத்தரணி ஒருவரின் மகன். அவருடைய சகோதரர் ஒருவர் பிற்காலத்தில் இங்கிலாந்தின் அதியுயர் நீதிபதிகளுள் ஒருவரானார். இவரோ 1917இல், சிறுவனாக இருந்தபோதே, கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்துவிட்டார். பீரங்கித் துறையிலே தேர்ச்சி பெற்று, "வோர்ஸ்பைற்" என்னும் பெரும் போர்க்கப்பலிற் கடமையாற்றினார். இரண்டாவது மகாயுத்தம் மூண்டபோது லண்டனிலே கடற்படைத் தலைமையகத்தில் இருந்தார். பின்னர் நியூசீலாந்துக் கடற்படையின் "லியாண்டர்" என்னும் போர்க்கப்பலுக்குச் சென்றார். 1943 யூலையில், சொலமன் தீவுகளையடுத்த கொலம்பங்காராக் கடற்சமரில், யப்பானியரின் ரோப்பிடோ ஒன்று அக்கப்பலின் வயிற்றைப் பிளந்தது. கப்பல் மூழ்கவில்லை. அதனைக் காப்பாற்ற முன்னின்ற அதிகாரிகளுள் றொஸ்கிலும் ஒருவர். அதற்காக வீரப் பதக்கமும் பெற்றார். ஆனால் வருடக்கணக்காகப் பீரங்கிகளுக்கு அருகே நின்றதால் அவருடைய செவிப்புலன் கெட்டுப்போயிற்று. 1948இல், நாற்பத்தைந்து வயதில், கடற்படையை விட்டு விலக நேர்ந்தது.

காது மூடிய மனிதருக்கு அதன்பின் கடதாசிக் கட்டுகள் திறந்தன. 1949இல் பிரித்தானிய மந்திரிசபைக் காரியாலயம், மகாயுத்தத்தின் கடற்போர்ச் சரித்திரத்தை எழுதும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. தலைமையகத்தின் தந்திகள், தளபதிகளின் அறிக்கைகள், கைப்பற்றப்பட்ட எதிரியின் பத்திரங்கள் ஆகிய யாவும் அவருடைய மேசைக்கு வந்தன. 1954, 1956, 1960, 1961ஆம் ஆண்டுகளில் அச்சரித்திரம் வெளிவந்தது.

அதன் இரண்டாந் தொகுதியில் நமது கடலும் இடம்பெறுகிறது. 1942 ஏப்பிரல் 5ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலே யப்பானியர் குண்டு வீசினர். 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாலே "ஹேர்மிஸ்" என்னும் விமானந் தாங்கிக் கப்பல் கடலுள் ஆழ்ந்தது. கரையில் நின்ற நம்மவர் கண்டது புகையையும் நெருப்பையும் மாத்திரமே. உலகை ஆண்ட கடற்படை அன்று எங்கே போயிற்று? பழைய போர்க்கப்பல்களையும் சொற்ப விமானங்களையும் வைத்துக்கொண்டு, யப்பானியரின் பெரும்படையை நேருக்கு நேர் எதிர்க்க இயலாத நிலையில் அது இருந்தது என்பதே உண்மை. யுத்தகாலத்தில் எவரும் வாய்திறந்து சொல்லமுடியாத இந்தப் பலவீனத்தைப் பத்திரங்களின் துணைகொண்டு விளக்குவதே சரித்திரகாரனின் தொழில்.

சோதனை முதலாந் தொகுதியோடு வந்தது. அந்நூல் தயாராகியபோது, 1951இல் மீண்டும் பதவிக்கு வந்த வின்ஸ்ரன் சேர்ச்சில் பிரதம மந்திரியாக வீற்றிருந்தார். அவர் வெறும் பிரதம மந்திரி அல்லர். யுத்தத்தை நடத்தியவரும் அவரே. அதன் சரித்திரத்தை ஆறு தொகுதிகளாகத் தாமே எழுதியவரும் அவரே. 1953இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவரும் அவரே. றொஸ்கிலின் பத்திரங்களோ வேறு சில செய்திகளைக் கூறின. 1940இல் நோர்வேப் போரின்போது, சேர்ச்சில் கடற்படை மந்திரியாக இருந்த தலைமையகம், கடலில் நின்ற தளபதியைத் தாண்டிக் கப்பல்களுக்கு நேரடியாகக் கட்டளையிட்டது. 1941 ஒக்டோபரில், "பிறின்ஸ் ஒஃப் வேல்ஸ்" என்னும் புதிய போர்க்கப்பலைக் கீழ்த்திசைக்கு அனுப்பக் கடற்படைப் பிரதம தளபதி டட்லி பவுண்ட் விரும்பவில்லை. சேர்ச்சிலின் எண்ணமே வென்றது. டிசம்பர் 10ஆம் தேதி அக்கப்பலும் "றிப்பல்ஸ்" கப்பலும் மலாயாக் கரைக்கு அப்பால் யப்பானிய விமானங்களால் அழிக்கப்பட்டன. மாண்டோர் 840 பேர். அடுத்த பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு அந்த வீழ்ச்சியின் பொருளை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அச்சேறுமுன் நூலைக் கண்ட சேர்ச்சில் ஆட்சேபித்தார். றொஸ்கில் என்ன செய்தார்? சொற்களிலே சில மாற்றங்களுக்கு உடன்பட்டார். சாரத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார். 1954இல், அதே பிரதம மந்திரியின் ஆட்சியிலேயே, அரசாங்க வெளியீடாக நூல் வந்தது.

இதிலே இருவரையும் நாம் பாராட்டவேண்டும். பணியாத எழுத்தாளரை மாத்திரமல்ல, பணியாத எழுத்தைத் தன் சொந்தச் செலவில் அச்சிட்ட அரசையும் பாராட்டவேண்டும். ஏனெனில் அரசாங்கத்தின் பணம் என்பது மந்திரிமாரின் பணமன்று. வரி கொடுத்த குடிமக்களின் பணமே அது. கப்பலோடு மாண்டவர்களின் தாய்மாரும் அந்த வரியைக் கொடுத்தவர்களே. தம் பிள்ளைகள் ஏன் மாண்டார்கள் என்பதை அறிய அவர்களுக்கு உரிமையுண்டு. றொஸ்கில் உண்ட சோறு அவர்கள் இட்ட சோறு. ஆகவே உண்மையை எழுதியதனால் அவர் செஞ்சோற்றுக் கடனைத் தீர்த்தாரேயன்றி, இரண்டகம் செய்தாரல்லர்.

எனினும் அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. 1941 மே மாதத்தில் ஜேர்மனியரின் நீர்மூழ்கிக் கப்பலொன்று கைப்பற்றப்பட்ட கதையை 1959இல் அவர் தனி நூலாக எழுதினார். ஆனால் எதிரியின் இரகசியச் சங்கேதத்தைப் பிரித்தானியர் வாசித்துவந்த பெருஞ்செய்தி 1974வரை பொதுமக்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது. அவருடைய யுத்த சரித்திரத்திலும் அதற்கு இடமில்லை. எத்துணை நேர்மையான பேனாவும், பூட்டிய பெட்டியின் முன் தோற்றே போகும். "குளோரியஸ்" என்னும் விமானந் தாங்கிக் கப்பல் 1940 யூனில் அழிந்தபோது, அது படையிலிருந்து பிரிந்து முன்னே சென்றதற்கு எரிபொருட் குறைவே காரணமென அவரது நூல் கூறிற்று. 1980இல், முதுமையிலே, அவர் அவ்விடயத்தை மறுபடியும் ஆராய்ந்து, கப்பல் தலைவரின் நடத்தையே காரணமென எழுதினார். சேர்ச்சில்மீது அவர் சுமத்திய குற்றங்களை அமெரிக்கச் சரித்திராசிரியர் ஆதர் மார்டர் வன்மையாக மறுத்தார். அவ்வாதம் நெடுங்காலம் நீடித்தது. வாதிக்கப்படுவது சரித்திரத்துக்கு இழுக்கன்று. வாதத்துக்கே இடமின்றி வாயடைக்கப்படுவதே இழுக்கு.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1961இல் அவருக்கு இடமளித்தது கேம்பிரிட்ஜில் சேர்ச்சிலின் பெயராலேயே அமைந்த கல்லூரி. அங்கே பொதுவாழ்விற் சிறந்தோரின் பத்திரங்களைத் திரட்டும் சுவடிச்சாலை உருவாக அவர் பெரிதும் உழைத்தார். அக்கல்லூரியில் இருந்துகொண்டே, 1977இல், சேர்ச்சிலும் கடற்படைத் தளபதிகளும் என்ற பொருளில் ஒரு நூலும் எழுதி வெளியிட்டார். 1982இல் மறைந்தார்.

காணி எல்லையிலே தகராறு வந்தால், உரத்துப் பேசுபவனின் சொல்லை நமது கமக்காரர் நம்புவதில்லை. "உறுதியைக் கொண்டுவா" என்பார்கள். நாட்டின் சரித்திரத்துக்கும் அதுவே விதியாக இருக்கட்டும். அரசாங்கம் வெளியிடும் சரித்திரம் எதுவாயினும், எந்த நாட்டினதாயினும், அதனைக் கையிலெடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்போமாக. எழுதியவனுக்கு எந்தப் பத்திரங்கள் திறந்துவிடப்பட்டன? எழுதியதை வெட்டும் அதிகாரம் யாரிடம் இருந்தது? ஆட்சியில் இருப்போருக்குக் கசக்கும் உண்மை ஒன்றேனும் அதில் உண்டா? மூன்றாவது கேள்விக்கு இல்லையென விடை வருமாயின், நம் கையிலிருப்பது சரித்திரமன்று, வெறும் புகழ்மாலையே.