எத்தனை வரும்னு கேக்காதீங்கய்யா!

பொதுவா கல்வி, பரிட்சை விஷயத்துல எல்லாம் நான் கருத்து கந்தசாமி ஆகுறதில்லை. பொட்டி தட்டினோமா, ஆணி புடுங்கினோமா, வார இறுதியில ஒரு மொக்கைப் பதிவு போட்டோமான்னு இருக்கிற ஆளு. ஆனா இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டா எனக்கே தூக்கம் வராது. ஏன்னா தப்பு பண்ணினதுல நானும் ஒருத்தன்.

2025 மே 4, ஞாயித்துக்கிழமை. அக்கா பொண்ணுக்கு நீட். 5 மணிக்குப் பரிட்சை முடிஞ்சு, பிள்ளையை வண்டியில ஏத்திக்கிட்டு வந்தா காந்தி வீதியில சண்டே மார்க்கெட் கூட்டம். வீடு வந்து சேர்றதுக்குள்ள அக்காவுக்கு ஏழு போன். ஏழும் ஒரே கேள்விதான்: "எத்தனை வரும்?" எப்படி எழுதினான்னு கேட்டவங்க யாருமில்லை. சாப்ட்டாளான்னு கேட்டது எங்க ஆயா மட்டும்தான்.

ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் மூணு கோச்சிங் சென்டரோட ஆன்சர் கீ வாட்ஸப்ல வந்தாச்சு. "டேய் தம்பி, நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, கணக்கு போட்டுச் சொல்லு"ன்னு அக்கா. நானும் பெரிய புடுங்கி மாதிரி எக்செல்லைத் திறந்தேன்.

நீட் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 180 கேள்வி, 720 மார்க். அதுல பாதி, அதாவது 90 கேள்வி 360 மார்க், பயாலஜி. சரியா இருந்தா 4, தப்பா இருந்தா மைனஸ் 1, விட்டுட்டா 0. மொத்த மார்க் சமமா வந்தாலும் முதல்ல பாக்குறது பயாலஜி மார்க்கைத்தான். அதனாலதான் எல்லா வீட்டுலயும் முதல் கணக்கு பயாலஜி.

எங்க வீட்டம்மணி பயாலஜில 84 போட்டிருந்தா, 6 விட்டிருந்தா. முதல் சென்டர் கீ படி 74 சரி, 10 தப்பு: 286. ரெண்டாவது படி 77 சரி, 7 தப்பு: 301. மூணாவது படி 291. ஒரே பொண்ணு, ஒரே பேப்பர், மூணு மார்க்! வெறும் மூணு கேள்வியில சென்டர்காரங்களுக்குள்ள சண்டை, அதுக்கே 15 மார்க் ஆடுது. சரியிலிருந்து தப்புக்கு ஒரு கேள்வி மாறினா போறது 4 இல்லை, 5. இது பல பெத்தவங்களுக்குத் தெரியறதே இல்லை.

இன்னொண்ணு. வினாத்தாளைத்தான் வீட்டுக்குக் கொண்டு வரலாம், ஓஎம்ஆர் தாளை அங்கேயே வாங்கிக்குவாங்க. அப்போ நாம திருத்துறது எதை? வினாத்தாள்ல பிள்ளை போட்டு வச்ச டிக்கை. அவசரத்துல வினாத்தாள்ல ஒண்ணும் ஓஎம்ஆர்ல ஒண்ணும் போட்டிருந்தா? "மாமா, 137ல பிரிண்டுல ரெண்டாவதுன்னு டிக் பண்ணிருக்கேன், ஆனா கடைசில மாத்துனேனான்னு ஞாபகம் இல்ல மாமா"ன்னு அது சொல்றப்ப குரல் உடைஞ்சுது. நான் அதையும் கவனிக்காம செல்லுல நம்பர் அடிச்சிக்கிட்டு இருக்கேன். அவ்வ்வ்வ்...

சரி, நடுவுல இருக்கிற 291ஐ எடுத்துக்கிட்டேன். பிசிக்ஸ் அந்த வருஷம் எல்லாரையும் அழ வச்ச பேப்பர். அதையும் கெமிஸ்ட்ரியையும் சேர்த்து மொத்தம் 466. அடுத்துதான் உண்மையான கூத்து. ஒரு ரேங்க் ப்ரெடிக்டர் தளத்துல இந்த 466ஐப் போட்டேன். போன் நம்பர் குடுத்தாத்தான் விடை சொல்லுவேன்னுச்சு, குடுத்தேன். ரெண்டு லட்சத்துக்கு மேலன்னு துப்பிச்சு. அதை நான் சத்தமா வாசிச்சேன். பக்கத்து ரூம்ல பொண்ணு இருந்தா.

அந்தத் தளத்துக்குள்ள இருந்தது என்ன தெரியுமா? பெரிய சூத்திரம் எல்லாம் இல்லை. முந்தின வருஷம் எந்த மார்க்குக்கு எந்த ரேங்க்னு ஒரு அட்டவணை. முந்தின வருஷம்னா 2024. முதல்ல 67 பேருக்கு 720க்கு 720 குடுத்தாங்களே, அதே வருஷம். 650க்கு மேல மட்டும் சுமார் 30,000 பேர் இருந்தாங்க. 2025ல முதல் மார்க்கே 686. 651லிருந்து 686 வரைக்கும் மொத்தமே 73 பேர். முப்பதாயிரம் எங்க, எழுபத்து மூணு எங்க! பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண்ணே 162லிருந்து 144க்கு இறங்குச்சு. பேப்பர் கஷ்டம்னு அன்னிக்கு சாயந்திரமே ஊருக்கே தெரியும். கஷ்டமான பேப்பரை சுலபமான வருஷத்து அட்டவணையில வச்சுப் பார்த்தா ரேங்க் பாதாளத்துலதான் காட்டும். எட்டாங் கிளாஸ் புள்ளைக்குப் புரியும் இது. இன்ஜினியரிங் படிச்ச எனக்கு அன்னிக்குப் புரியலை பாருங்க.

மறுநாள் காலையில போன் வர ஆரம்பிச்சுது. "சார், உங்க வார்டுக்கு ரிப்பீட்டர் பேட்ச்..." எப்படி நம்பர் கிடைச்சுதுன்னு யோசிக்கத் தேவையே இல்லை, நானே குடுத்ததுதான். மூணாவது நாள் மாமா போய் 40,000 அட்வான்ஸ் கட்டிட்டு வந்துட்டார். திருப்பித் தர மாட்டோம்னு பொடி எழுத்துல போட்டிருந்தான். சென்டர் பேரு வேணாம், எல்லாரும் ஒரே குட்டையில ஊறின மட்டைதான்.

என் குற்றச்சாட்டு இதுதான். கீ தப்பா போடுறது பெரிய பாவம் இல்லை. இதே 2024ல என்டிஏவே ஒரு பிசிக்ஸ் கேள்விக்கு ரெண்டு விடையும் சரின்னு குடுத்து, பழைய என்சிஇஆர்டி புஸ்தகம், புது புஸ்தகம்னு சண்டையாகி, உச்சநீதிமன்றம் வரைக்கும் போய், ஐஐடி டெல்லி ஆளுங்க ஒரு விடைதான் சரின்னு சொல்லி, நாலு லட்சம் பேருக்கு மேல 5 மார்க் போச்சு. 67 பேர் 17 ஆனது இதுக்கப்புறம்தான். அரசாங்க ரிசல்ட்டே வந்த பிறகு இந்த லட்சணம்னா, ராத்திரி எட்டு மணி கீயை யாரு குறை சொல்ல முடியும்? ஆனா தெரிஞ்சே பழைய அட்டவணையில ரேங்க் காட்டி, பயந்து போன அப்பனுக்கு மறுநாள் காலையில போன் போடுறான் பாருங்க, அது வியாபாரம். உத்தேச ரேங்க் எவ்வளவு மோசமா வருதோ, ரிப்பீட்டர் பேட்ச் அவ்வளவு நிறையும். அவன் ஏன் அதைச் சரி பண்ணப் போறான்?

"அப்போ கணக்கே போடக்கூடாதா, கவுன்சிலிங்குக்கு யோசிக்க வேணாமா"ன்னு சில பேர் பின்னூட்டத்துல வருவீங்க, தெரியும். போடுங்க, ஒரு மாசம் கழிச்சுப் போடுங்க. ஜூன் முதல் வாரம் என்டிஏ தற்காலிக கீ விட்டுச்சு. நம்ம பிள்ளையோட ஓஎம்ஆர் ஸ்கேனும், எந்தக் கேள்விக்கு எதைப் போட்டாங்கிற பதிவும் பாக்கக் கிடைச்சுது. கீ தப்புன்னு தோணினா ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம் (அதுவும் திரும்பாது, ஹிஹி). அப்போ போடுற கணக்குக்கு அர்த்தம் இருக்கு. அதையும் ஒத்தை நம்பரா சொல்லாம, 460லிருந்து 480க்குள்ளன்னு சொல்லுங்க. ரேங்க்கை மட்டும் தொடாதீங்க. நம்ம பிள்ளை பேப்பரை வச்சு மார்க்கைச் சொல்லலாம், மத்த இருபத்திரெண்டு லட்சம் பேர் எப்படி எழுதினாங்கன்னு அதை வச்சு எப்படிச் சொல்லுவீங்க?

நான் 2015ல +2 எழுதினப்போ இந்தத் தொல்லை இல்லை. தாவரவியல் 75, விலங்கியல் 75, செய்முறை 50. பக்கம் பக்கமா எழுதிட்டு வந்து எத்தனை வரும்னு கேட்டா வாத்தியாருக்கே தெரியாது. சும்மா ஒரு 180ன்னு அடிச்சு விட்டுட்டு கடற்கரைக்குப் போயிருவோம்.

நம்ம ஊருக்கு இந்தக் குத்துமதிப்பு விஷயத்துல ஒரு சர்வதேச பெருமையும் உண்டு. இங்க லிசேயில பிரெஞ்சு பக்கலோரியா பரிட்சை பல வருஷம் ஏப்ரல்லயே நடந்துச்சு, பிரான்சுல ஜூன்ல. அதனால அங்க இருக்கிற பசங்க "பாண்டிச்சேரி பேப்பர்"னு தேடிப் பிடிச்சு, பயாலஜி உட்பட, இந்த வருஷம் என்ன வரலாம்னு போட்டுப் பாப்பாங்க. அதுவும் ஊகம்தான். ஆனா அந்த ஊகத்தால புஸ்தகத்தைத் திறந்தாங்க. இங்க எங்க வீட்டுல புஸ்தகத்தை மூடி அட்டைப்பெட்டியில போட்டுட்டாங்க.

ஜூன் 14 ரிசல்ட். பயாலஜி 296. நான் போட்டதுக்கும் இதுக்கும் ஒரே ஒரு கேள்விதான் வித்தியாசம். ரேங்க்? தளம் சொன்னதுல பாதி கூட இல்லை. சென்டாக் கவுன்சிலிங்ல எம்பிபிஎஸ் கிடைச்சு சேர்ந்துட்டா. நடுவுல போன 41 நாள், பொண்ணு எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. 40,000 போனது போனதுதான், மாமா ரெண்டு தடவை போய்க் கேட்டுப் பார்த்தார், பொடி எழுத்தைக் காட்டினான்.

என் நம்பருக்கு இன்னும் மெசேஜ் வருது. "உங்கள் வார்டின் உத்தேச மதிப்பெண் என்ன?"

டிஸ்கி: அந்த எக்செல்லை அனுப்பச் சொல்லி யாரும் மெயில் போடாதீங்க. அழிச்சாச்சு.