பட்டினி கிடப்போருக்கும் உண்டு உண்ணல் கோளாறு

உண்ணல் கோளாறு வசதிபடைத்த வீட்டு இளம்பெண்களின் நோய் என்ற எண்ணம் இன்னும் நீடிக்கிறது. அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில், இலவச உணவு மையங்களை நாடிவந்த 503 பேரிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வு இதை மறுக்கிறது. பிள்ளைகளும் பசித்திருக்கும் அளவுக்கு வறுமையிலிருந்த பெரியவர்களில் 17 விழுக்காட்டினரிடம் மருத்துவக் கவனம் தேவைப்படும் அறிகுறிகள் காணப்பட்டன. இல்லாத நாளின் பட்டினியும் கிடைத்த நாளின் கட்டுக்கடங்கா உண்ணலும் மாறிமாறி வருவது இதற்கு வழிவகுக்கக்கூடும்.

1500 மெகாவாட் அனல்மின் நிலையம் இயங்கும் வள்ளூரில், ஒப்பந்தக் கூலித் தொழிலாளியின் மகள் உணவை வெறுத்தால் அதை இரத்தசோகை என்று மட்டுமே முடித்துவிடலாகாது. சாதி, வர்க்கப் பாகுபாடற்ற மனநலச் சிகிச்சையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு உரிமையாக்குகிறது. 'இவர்களுக்கு இந்நோய் வராது' என்ற முன்முடிவே அவ்வுரிமையை மறுக்கும் முதற்படி. மாவட்ட மனநலத் திட்டத்தின் பரிசோதனையில் உண்ணும் முறை பற்றிய கேள்விகளும் இடம்பெற வேண்டும்.