முதல் கப்பலுக்கு கார்டை நீட்டாதீங்க!

திருவனந்தபுரத்துல நம்ம வீட்டுப் பஞ்சாயத்து: "அப்பா, எலைட் டேஞ்சரஸ்ல பெரிய கப்பல் வாங்கிக் கொடு." 2024-லேர்ந்து அதுல ரெடிமேட் கப்பலை நிஜப் பணத்துக்கே விக்கிறாங்க. அநியாயம்!

மக்களே, ஆரம்பிக்கிறவனுக்கு ஓசியில தர்ற சைட்வைண்டரே போதும். இடிச்சு நொறுக்கினாலும் சல்லிக்காசு செலவில்லாம புதுசு வரும். முட்டி மோதித்தான் ஓட்டப் பழகணும். விண்வெளி நிலையத்து வாசல் தபால்பெட்டி வாய் மாதிரி குறுகல். காசு கொடுத்தா கப்பல் வரும், அதுக்குள்ள நுழையிற கை வருமா?

பக்கத்துல தும்பா இருக்கு. 1967-ல அங்கேர்ந்து விட்ட நம்ம சொந்தத் தயாரிப்பு ரோகிணி ராக்கெட்டோட விட்டம் வெறும் 75 மில்லிமீட்டர். எடுத்த எடுப்புலயே பிஎஸ்எல்வியா கட்டினாங்க?

பையன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான். வச்சுக்கட்டும். கார்டு என் பர்ஸ்லதான் இருக்கு :)